திரும்பும் இடத்தில் நீளும் தாளம்

மலேசியாவின் ஈப்போவில் எங்கள் கலை மன்றத்தின் செயற்குழு ஒரே ஒரு பாட்டின்பொருட்டுக் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டையிட்டது. ஆண்டு விழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் இசைக்குழுவை வரவழைப்பது எங்கள் வழக்கம். அவ்வாண்டு இளைஞர்கள், பழகிய கச்சேரி வேண்டா, பலவகை இசை ஒன்றாய்க் கலந்த புதுமையே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். வந்து குவிந்த ஒலிநாடாக்களுள் இரண்டு மிஞ்சின. ஒன்று சென்னைக் குழுவினது; குறை சொல்ல இடமில்லாதது. மற்றொன்று கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தது. அதனைக் கேட்கத் தொடங்கியதுமே கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

பாட்டு மாதாகோயிலில் தொடங்குவதுபோல் தொடங்கிற்று. கீபோர்டின் சுரக்கோவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல அடுக்கப்பட்டன. பெண்குரல் ஒன்று மலைமேல் மழை வருவதைப் பாடிற்று. அடுத்து நாயனம் நுழைந்தது, ஆனந்தபைரவியின் சாயல். அந்த இராகத்தில் அந்தர காந்தாரம் என்னும் சுரம் எப்போதேனும் விருந்தாளியாக வந்துபோவதுண்டு. கீபோர்டோ அதனையே தன் கோவைக்கு ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார், வீட்டுக்காரர் வாசலில் நின்று வாதாடினார். அந்த வாதாட்டமே பாட்டின் சுவை. இவற்றுக்கெல்லாம் அடியில் கல்வராயன் மலையின் மேளம் நான்கு நான்காக நடந்துகொண்டிருந்தது.

அந்த நடையில்தான் வம்பு. சில சுற்றுகளின் முடிவில் ஓரடி மிகுந்து ஒலித்தது; சில இடங்களில் இரண்டடி. பிறகு ஒன்றுமே நடவாததுபோல் பாட்டுத் தொடர்ந்தது.

எங்கள் தலைவர் திரு. மாசிலாமணி டயர் வணிகர். இளமையில் மிருதங்கம் முறையாகப் பயின்றவர். “தாளம் தவறுது, டீச்சர். மேளக்காரனுக்குக் கணக்குத் தெரியலே. இதை மேடையேத்துனா நம்ம மானம் போயிடும்” என்றார்.

பிழையானால் குரலும் நாயனமும் தடுமாறியிருக்க வேண்டும்; அவை தடுமாறவில்லை, காத்திருந்தன என்றேன் நான். நாற்பதாண்டுக்கால வாய்ப்பாட்டு ஆசிரியையின் சொல்லுக்கு மன்றத்தில் சிறிது மதிப்பு இருந்தது. முடிவில் தலைவர் இறங்கிவந்தார். “நீங்க முன்னாடி போய்ப் பாருங்க. எனக்குச் சென்னையிலே வேலை இருக்கு. ஒரு நாள் கள்ளக்குறிச்சிக்கு வர்றேன். ஒரே ஒரு தடவை கேப்பேன். சரியில்லேன்னா மறுநாளே சென்னைக் குழுவோட கையெழுத்து.”

சின்னசேலத்தில் புகைவண்டியை விட்டு இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு பெண் அவித்த மல்லாட்டையைக் கூம்புக் காகிதத்தில் அளந்து கொடுத்தார். நிலக்கடலைக்கு இத்துணைக் கொழுத்த பெயர் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். எங்கள் ஊரிலும் கடலை அவிப்பார்கள். ஆனால் உப்பை இவ்வளவு தாராளமாகப் போடமாட்டார்கள். இரண்டாவது கூம்பும் வாங்கினேன்.

கள்ளக்குறிச்சிக்குச் சென்ற பேருந்தில் ஒரு பக்கத்துச் சன்னல்களில் கண்ணாடியே இல்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். பெரும்பாலான பேருந்துகளில் கல்லெறியின் தழும்பு இருந்தது. நடத்துநர் அதைப் பற்றி வருந்துபவராகத் தோன்றவில்லை. “கண்ணாடி இல்லன்னா காத்து ஜாஸ்திங்க. டிக்கெட்டு அதே வெலதான்” என்றார்.

எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நாளைக்கி பஸ்ஸு ஓடுமாடி?”

“கேக்கறதக் குடுத்துட்டா ஓடும்.”

“குடுப்பாங்களா?”

“குடுக்கற வரைக்கும் ஓடாது. போய்க்கினே இருக்கற பஸ்ஸ நிறுத்துனாத்தான அவுங்களுக்குக் காது கேக்குது!”

பல்கலைக்கழக இடங்களை இனவாரியாகப் பங்கிட்டு எண்ணும் நாட்டிலிருந்து வந்தவள் நான். அந்தக் கேள்வியின் எடை எனக்குப் புதிதன்று. வாயை மூடிக்கொண்டு கடலையை உரித்தேன்.

மறுநாள் சங்கராபுரம். குழுவின் தலைவி அருள்மேரி அங்கே நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஞாயிறுதோறும் மாதாகோயிலில் கீபோர்டு வாசிப்பவர். பாட்டில் நான் கேட்ட குரலும் அவருடையதே. வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டி இடம் செய்திருந்தார். நாயனக்காரர் கொளஞ்சி எலவனாசூர்கோட்டையிலிருந்து விடியற்பேருந்தில் வந்திருந்தார். மேளக்காரர் வெள்ளையன் முதல்நாளே மலையிலிருந்து இறங்கி, மேளத்தைச் சுவரோரம் வெயிலில் சாய்த்துவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்.

இட்லியும் மல்லாட்டைத் துவையலும் முடிந்தபின் வாசித்துக் காட்டினார்கள். கீபோர்டில் அருள்மேரி ஒரு பொத்தானை அழுத்தினார். கருவிக்குள்ளிருந்து தானியங்கித் தாளமொன்று ‘டக் டக்’ என்று கிளம்பிற்று. அதைப் பிடித்துக்கொண்டு மூவரும் பாட்டை முடித்தார்கள். ஓரடிகூட மிகவில்லை, ஓரடிகூடக் குறையவில்லை. பாட்டு செத்துக் கிடந்தது.

அருள்மேரி மலர்ந்த முகத்துடன் என்னைப் பார்த்தார். “சரி பண்ணிட்டோங்க டீச்சரம்மா! தாளம் தப்புதுன்னு ஒங்க செயலாளர் போன்ல சொன்னாரு. அன்னியிலேர்ந்து மெஷின் போட்டுத்தான் பழகறோம். வெள்ளையண்ணன் கைய மெஷினோட கட்டிப் போட்டுட்டோம்.”

“ரெண்டு மாசமா அதுக்குத் தலையாட்டிக்கினு இருக்கேன்” என்றார் வெள்ளையன், மேளத்தைப் பார்த்தவாறே. “அது தூங்கவும் மாட்டேங்குது, தண்ணி குடிக்கவும் மாட்டேங்குது.”

அயல்நாட்டார் முன் குறை வந்துவிடக் கூடாதே என்று அவர்கள் மெனக்கெட்டுத் துடைத்தெறிந்தது எதுவோ, அதனைத் தேடித்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். பழையபடி வாசியுங்கள் என்று வேண்டினேன். முயன்றார்கள். வெள்ளையன் வேண்டுமென்றே ஓரடி கூட்டினார். அது ஒட்டுப்போட்ட துணிபோல் துருத்திக்கொண்டு நின்றது. “எப்பிடி வந்துச்சின்னே தெரியலீங்க. தப்புன்னு சொன்ன பெறவு கை அந்தப் பக்கமே போவ மாட்டேங்குது.”

கொளஞ்சி நாயனத்தின் சீவாளியைத் துடைத்துக்கொண்டே கீபோர்டைக் காட்டிச் சிரித்தார். “எங்க ஊர்ல என்ன இன்னான்னு கூப்புடறாங்க தெரியுமா? பெட்டிக்கு ஊதறவன். கோயில்ல ஊதுடான்னா பெட்டிக்கு ஊதறான்னு. போவட்டும். மலேசியாவுக்குப் போயிட்டு வந்தா வாயி அடைச்சிரும்னு பாத்தேன்.”

அருள்மேரி சிரிக்கவில்லை. “மாதாகோயில்ல இது ஆட்டக்காரப் பாட்டுன்றாங்க. கொளஞ்சியண்ணன் ஆளுங்க இது மாதாகோயில் பாட்டுன்றாங்க. யாரும் கூப்புடறதில்ல டீச்சரம்மா. இதுவும் இல்லன்னா அவங்கவங்க வூட்டுக்குப் போயிடலாம்னு பேசிட்டோம். இதோட முடிஞ்சிச்சி.”

மாசிலாமணி வருவதற்கு இடையில் ஒரு நாளே இருந்தது. அன்று பிற்பகல் முழுவதும் ஒலிநாடாவைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். பிழை தோன்றியபடி வரும். கணக்கு ஒரே ஒழுங்கில் வரும். இந்த மிகுதியடியோ இரண்டிலும் சேரவில்லை. வரும் இடம் எப்போதும் சுற்றின் முடிவு. வரும் அளவு மட்டும் மாறிற்று. அப்படியானால் அதன் காரணம் பாட்டுக்குள் இல்லை. வெளியே இருந்து ஏதோ ஒன்று பாட்டைக் காக்கவைத்தது. எங்கே பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளையன் ஊரில், திருவிழா முடிந்த மறுநாள் என்றார்கள். “அங்கேயே போவோம்” என்றேன்.

மறுநாள் கச்சிராயபாளையம் கடந்து பேருந்து மலையேறத் தொடங்கியதும் எங்கள் கேமரன் மலைச்சாலை நினைவுக்கு வந்தது. அங்கே வளைவுக்கு வளைவு அறிவிப்புப் பலகை உண்டு. இங்கே அறிவிப்பைப் பயணிகளே செய்தார்கள். யாரோ ஏற்றியிருந்த பெரிய பலாப்பழம் ஒன்று ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் இருக்கைகளுக்கிடையே உருண்டு புறப்பட்டது. “அத்தே, காலத் தூக்கிக்கோ, பலா வருது!” என்று முன்னாலிருந்து குரல் எழும்; வண்டி முழுதும் கால்கள் உயரும். பாதி ஏற்றத்தில் பொறி கொதித்து நின்றது. நடத்துநர் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றைத் தேடிப் போனார். நாங்கள் இறங்கி நடந்தோம். கொளஞ்சி நாயனப் பையை முதுகிலும், கீபோர்டை அருள்மேரியோடு மாறி மாறித் தோளிலும் சுமந்தார். வெள்ளிமலை நெருங்கியபோது பேருந்து பின்னாலிருந்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. பலாப்பழம் என் இருக்கையில் அமர்ந்திருந்தது.

வெள்ளையனின் சிற்றூரில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். அரிசிச் சோற்றைக் காட்டிலும் அது மெல்லவைத்தது. மெல்ல மெல்ல இனித்தது. குழம்பின் காரத்துக்குக் கண்ணில் நீர் வந்ததைக் கண்டு வெள்ளையனின் மனைவி தேனைக் கொண்டுவந்து சோற்றின் ஓரத்தில் ஊற்றிவிட்டார்.

பதிவு நடந்த களம் மலைச்சரிவில் வெட்டிச் சமன்செய்த நீண்ட துண்டு நிலம். அகலம் குறைவு. ஒரு கோடியில் பலாமரம், மறுகோடியில் பாறை. களத்தை ஒட்டிய வீட்டின் சுவரோரம் அமர்ந்து வாசித்ததாக அருள்மேரி சொன்னார். ஒலிப்பதிவுக் கருவி சுவரை ஒட்டி இருந்ததால் அவரும் கொளஞ்சியும் சுவர்ப்பக்கமே திரும்பியிருந்தார்களாம். வெள்ளையன் மட்டும் நின்றுகொண்டு களத்தைப் பார்த்து அடித்தார்.

“களத்தில் என்ன நடந்தது?”

“ஆடுனாங்க” என்றார் வெள்ளையன். “மேளம் அடிச்சா ஆடாம இருப்பாங்களா?”

கொல்லைக்காட்டு வேலை முடிந்து வந்தவர்களை ஆடச் சொன்னோம். ஆண்களும் பெண்களும் கைகோத்து ஒரே வரிசையாக நின்றார்கள். தலைப்பில் நின்றவர் சின்னப்பொண்ணு, வெள்ளையனின் அக்காள், வாய்த்துடுக்கு உள்ளவர். அருள்மேரி வழக்கம்போல் பொத்தானை அழுத்தினார். வரிசை அழகாக அடிவைத்துப் பலாமரம்வரை சென்றது. அங்கே தலைப்பு திரும்பியது. வால் இன்னும் நேரே வந்துகொண்டிருந்தது. தானியங்கித் தாளமோ அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டது. நடுவிலிருந்தவர்கள் ஒருவர்மேலொருவர் மோதினார்கள். கடைசியில் வந்தவர் மரத்தில் இடித்துக்கொண்டார்.

“ஏ வெள்ளையா!” என்று கத்தினார் சின்னப்பொண்ணு. “மரத்துல கொண்டுபோயி முட்டவா கூப்ட்டே? ஆளு திரும்ப வேணாமா? அந்தப் பொட்டிக்கு இன்னா அவசரம், அதுக்குப் பால் கறக்கணுமா?”

களமே சிரித்தது. பொத்தானை அணைக்கச் சொன்னேன். மறுபடி அடித்தார்கள். இம்முறை நான் வெள்ளையனின் கைகளைப் பார்க்கவில்லை. அவர் கண்களைப் பார்த்தேன். அவை வரிசையின் வாலிலேயே இருந்தன. தலைப்பு மரத்தைத் தொட்டுத் திரும்பியது. ஒவ்வொருவராக வளைந்தார்கள். கடைசி ஆள் திரும்பி முடிக்கும்வரை அவர் கை புதிய சுற்றைத் தொடங்காமல் தாங்கி நின்றது. ஓரடி மிகுந்தது. அடுத்த முறை வேடிக்கை பார்த்தவர்கள் சிலர் வாலில் சேர்ந்துகொண்டார்கள். இரண்டடி மிகுந்தது.

நானறிந்த தாளம் எண்ணிக்கையால் ஆனது. ஆட்டக்காரர்தாம் அதற்குள் அடங்க வேண்டும். இங்கே ஆட்கள்தாம் அளவு. மாதாகோயிலின் சுரக்கோவை எத்துணை நேரமும் நீண்டு நிற்க வல்லது. நாயனத்தின் மூச்சும் அவ்வாறே. ஆகவே அவ்விரண்டும் இந்தக் காத்திருப்போடு இயல்பாய்ப் பொருந்தின. அப்பாட்டில் மூன்றுவகை இசையும் அருகருகே அடுக்கப்பட்டிருக்கவில்லை. கடைசி ஆள் திரும்பும்வரை மூன்றும் ஒன்றுபோல் நின்றன. கலப்பு நிகழ்ந்த இடம் அதுவே. இதை அங்கேயே, களத்தில் நின்று, அவர்களிடம் சொன்னேன்.

வெள்ளையன் வியப்போடு பார்த்தார். “அது ஆட்டம் திரும்பறதுங்க. அதப் போயி மேளத்துல யாரு சேத்தா?”

அருள்மேரி முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பிறகு கீபோர்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி ஆடுங்க அக்கா” என்றார். இம்முறை அவர் களத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

சொல்லிப் பயனில்லை, மாசிலாமணியின் கண்ணில் காட்ட வேண்டும். ஆடியவர்களில் எண்மர் எங்களோடு வர இசைந்தார்கள். விடிந்ததும் வெள்ளிமலையில் காத்துக் கிடந்தோம். பேருந்து வரவில்லை, கீழே மறியல் என்றார்கள். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று இறங்கிற்று. ஓட்டுநர் எங்களைக் கிழங்கின்மேல் ஏற்றிக்கொண்டார். எங்கள் நாட்டில் சப்பானியர் ஆண்ட போர்க்காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் அதனைக் கண்ணால் காணவும் கூசுவார்கள். அதன்மேல் அமர்ந்து, கொடியேற்றத்துக்குப் போகிறவள்போல் மலையிறங்கினேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. இப்பாலும் அப்பாலும் சனம். லாரி நின்றது. மறியல்காரர்களில் முன்னின்ற, தோளில் துண்டு போட்ட ஒருவர் வந்து மேலே பார்த்தார்.

“எங்க போறீங்க?”

“கள்ளக்குறிச்சிங்க” என்றார் அருள்மேரி.

“இன்னிக்கி ஒண்ணும் போவாது. மரம் சாஞ்சிக்கினு கெடக்குது, தெரியல?”

“யாருண்ணே சாச்சது?” என்று கேட்டார் கொளஞ்சி.

“காத்துதான்” என்றார் துண்டுக்காரர், இலையொன்றும் அசையாத வெயிலில். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் குரல் தணிந்தது. “எங்க புள்ளிங்க படிச்சிட்டு மாடு மேய்க்குதுங்கம்மா. அதுக்குத்தான் ஒக்காந்துகினு இருக்கோம். ஒங்க மேல கோவம் இல்ல.”

மரத்துக்கு அப்பால், கிளைகளின் ஊடே, வெள்ளை அம்பாசிடர் ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் குடை பிடித்தபடி மாசிலாமணி. நாங்கள் வரவில்லையென்று எதிர்கொண்டு வந்து அவரும் அகப்பட்டுக்கொண்டிருந்தார். “டீச்சர்!” என்று கைகாட்டினார். “நான் இப்படியே திரும்புறேன். ராத்திரி சென்னையிலே இருந்தாகணும்!”

துண்டுக்காரரிடம் சென்றேன். “ஐயா, உங்கள் மறியலைக் கலைக்க மாட்டோம். இங்கேயே, இந்த மரத்தடியிலேயே ஒரு பாட்டு வாசிக்கிறோம். அந்தக் குடைக்காரர் கேட்டால் போதும்.”

அவர் வெள்ளையனின் மேளத்தைப் பார்த்தார். “அடிங்கம்மா. காலைலேர்ந்து கத்திக் கத்தி எங்களுக்கும் தொண்ட கட்டிப் போச்சி. ஆனா ஒண்ணு, போலீசு வந்தா நிறுத்திட்டு எங்களோட ஒக்காரணும்.”

மின்கல விசையில் கீபோர்டு உயிர்பெற்றது. லாரியின் முகப்புக்கும் புளியமரத்துக்கும் இடைப்பட்ட தார்ச்சாலையே களம். அருள்மேரி பாடத் தொடங்கினார். நாயனம் வந்து காந்தாரத்தின் வாசலில் நின்றது. எண்மரும் கைகோத்து மரத்தை நோக்கி அடிவைத்தார்கள். மாசிலாமணி ஒரு கையில் குடையும் மறு கையால் தொடையில் தாளமுமாகக் கிளைகளுக்கப்பால் நின்றார். வரிசை மரத்தைத் தொட்டுத் திரும்பியது. மேளம் தாங்கியது. தொடைக்கு மேலே அவருடைய கை விழாமல் நின்றது. கடைசி ஆள் திரும்பி முடித்தார், மேளம் விழுந்தது, அவர் கையும் விழுந்தது.

அடுத்த சுற்றில் மறியலில் அமர்ந்திருந்த பெண்கள் நால்வர் எழுந்து வாலில் சேர்ந்தார்கள். பிறகு ஆண்கள். “துண்ட இடுப்புல கட்டுயா, கால்ல மாட்டப் போவுது” என்று யாரோ துண்டுக்காரரைக் கேலிசெய்ய, அவரும் வந்தார். வரிசை நீள நீளத் திருப்பமும் நீண்டது. அருள்மேரியின் விரல்கள் கோவையை அழுத்தியபடியே காத்தன. கண்கள் வரிசையின் வாலில் இருந்தன. கொளஞ்சி மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே சுரத்தில் நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒவ்வொரு முறையும் கடைசி ஆள் திரும்பிய கணத்தில் மூவரும் ஒன்றாய் இறங்கியபோது சாலையே ஆரவாரித்தது.

மாசிலாமணி குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிளையைப் பிடித்து ஏறி இப்பக்கம் குதித்தார். சின்னப்பொண்ணு அவரைப் பார்த்து, “வா அண்ணே, வாலு காலியா இருக்கு” என்றார். எண்ணெய் தேய்த்த தலையும் தங்கக் கைக்கடிகாரமுமாக எங்கள் தலைவர் வரிசையின் கடைசியில் கைகோத்தார். அடி பிசகிற்று, ஆனாலும் நடந்தார். மரத்தருகே அவர் திணறித் திரும்பி முடிக்கும்வரை மேளமும் நாயனமும் கீபோர்டும், மொத்தச் சாலையும் அவருக்காகக் காத்திருந்தன.

பாட்டு முடிந்தபோது அவருக்கு மூச்சு வாங்கிற்று. அவர் புளியமரத்துக்கும் லாரிக்கும் இடையே காலால் அளந்து நடந்தார். திரும்பி வந்து அருள்மேரியிடம் கேட்டார்: “எட்டுப் பேர் திரும்பணும்னா எவ்வளவு எடம் வேணும்மா?”

கொளஞ்சி முந்திக்கொண்டு, “எட்டு இல்லீங்க, பதினொண்ணு. நாங்களும் இருக்கோம்ல” என்றார்.

துண்டுக்காரர் ஆள்களைவிட்டுக் கிளைகளை ஒதுக்கச் செய்து, மனிதர் மட்டும் நடந்து செல்ல வழிவிட்டார். மாலையில் கள்ளக்குறிச்சி தந்தி அலுவலகத்தில் மாசிலாமணி ஒரு தாளில் எழுதி நீட்டினார். எழுத்தர் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாங்க சார் இது? கல்யாணப் பந்தலா?”

ஈப்போவுக்குப் போன அந்தத் தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: “குழு கிடைத்தது. மேடையை இருமடங்கு நீளமாகக் கட்டுக.”